ஆம்ஸ்டர்டாமில் முதல் நாள், தனியாக, மழையில்: எப்படிச் சமாளிப்பது?

வணக்கமுங்க. நீங்கள் கேட்டிருப்பது இது: திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்வது. நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் இறங்குகிறீர்கள். பையருடன், அதாவது துணி வாங்கும் நிறுவனத்தாருடன், சந்திப்பு திங்கட்கிழமைதான். கூட யாரும் வரவில்லை, வெளிநாட்டுக்குப் போவது இதுவே முதல் தடவை, வீட்டில் அம்மா பயப்படுகிறார். வானிலைச் செயலியோ அந்த வாரம் முழுக்க மழைப் படத்தையே காட்டுகிறது. “ஒரே நாளில் பார்க்க வேண்டிய பத்து இடங்களைச் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை முழுதாகப் படித்தால், அந்த மழையில் வெளியே போவதா, அறையிலேயே படுத்துவிடுவதா, தனியாகப் போய் ஏதாவது சிக்கலானால் என்ன செய்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன். பத்து இடம் வேண்டாம். மூன்று போதும்.

கோவையில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். திருப்பூர், கரூர், ஈரோடு ஏற்றுமதி நிறுவனங்களின் ஆட்களை நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புவதும், அவர்கள் திரும்பி வந்ததும் எது நன்றாகப் போனது, எங்கே சிக்கல் வந்தது என்று விசாரித்து வைத்துக்கொள்வதும் என் வேலை. இத்தனை வருடத்தில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முதல் நாளைக் கெடுப்பது மழை அல்ல. நனைந்த காலும், நடுப்பகலில் போடுகிற தூக்கமும், டிக்கெட் எடுக்காமல் வாசலில் போய் நிற்பதும்தான் கெடுக்கின்றன. மூன்றுமே இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே தடுக்கக்கூடியவை.

முதலில் அந்த மழை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோவையில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை என்றால், ஆம்ஸ்டர்டாமில் 850 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் அது சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகப் பரவி வரும். இருந்தாலும் மொத்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் நெதர்லாந்தில் மழை பெய்வது ஏழு, எட்டு சதவீத நேரம்தான். செயலியில் நாள் முழுக்க மழைப் படம் இருந்தால், நாள் முழுக்கப் பெய்யும் என்று அர்த்தமில்லை. இருபது நிமிடம் தூறி, நாற்பது நிமிடம் விட்டு, மறுபடி தூறும் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு உடுமலைப் பக்கம் சாரல் அடிக்குமே, அதையே எட்டு டிகிரி குளிரில் நினைத்துப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும். மூன்று நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதை நான் பொருட்படுத்துவதே இல்லை. அங்கே இறங்கியதும் ‘பௌயன்ரேடார்’ என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மழை மேகம் எந்தப் பக்கமிருந்து நகர்ந்து வருகிறது, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்த ஐந்து நிமிடத்தில் தூறும், எப்போது விடும் என்பதை வரைபடமாகக் காட்டும். உள்ளூர்க்காரர்கள் கடைக்குப் போவதற்குக்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். முதல் அரைமணி நேரத்துக்கு அது காட்டுவதை நம்பலாம், அதற்கு மேல் போகப் போகத் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும்.

உடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களே இதில் தவறுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கணக்குதான்: பருத்தியின் ஈர ஏற்பு (காற்றிலிருந்து இழை வாங்கி வைத்துக்கொள்ளும் ஈரம்) 8.5 சதவீதம், பாலியெஸ்டர் 0.4, கம்பளி 16ஐ ஒட்டி. நம் ஊர் வெயிலில் பருத்தி வியர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தருவது அங்கே அப்படியே பாதகமாகிவிடும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி டி-சர்ட் மேல் கோட்டுக்குள்ளே வியர்வையில் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, நின்ற இடத்தில் உடம்பு வெடவெடக்கும். அதனால் உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் மழைக்கோட்டு என்று மூன்று அடுக்கு போடுங்கள். கம்பளி ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டாலும் சூட்டை விடாது, அதனால்தான் அது பருத்தியிலிருந்து வேறுபடுகிறது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தொடை நனைந்துவிட்டால் ராத்திரி வரை கனத்துக்கொண்டே இருக்கும். சீக்கிரம் காய்கிற நைலான் அல்லது பாலியெஸ்டர் பேன்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கோட்டு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் பத்து நிமிடத் தூறலுக்குத்தான் தாங்கும். ‘வாட்டர் புரூஃப்’ என்றும், நீர்த்தூண் அளவு (துணி எவ்வளவு நீரழுத்தத்தைத் தாங்கும் என்பது) 10,000 மில்லிமீட்டர் என்றும் இருக்க வேண்டும். தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசி குத்திய துளை வழியே தண்ணீர் இறங்கும், அது உங்களுக்கே தெரியும். தலைமூடிக்கு முன்பக்கம் சிறு விளிம்பும் இறுக்கிக் கட்ட நாடாவும் வேண்டும், நீளம் தொடை வரை இருப்பது நல்லது. குடையை முதல் ஆயுதமாக நினைக்காதீர்கள். வாய்க்கால் பாலங்களில் காற்று திசை மாறி மாறி அடிக்கும், மூன்று மடிப்புக் குடை ஒரே வீச்சில் மடங்கிப்போகும். காற்றில்லாத தூறலுக்கு மட்டும் பையில் ஒன்று இருக்கட்டும்.

காலணியில்தான் நாளே அடங்கியிருக்கிறது. திங்கட்கிழமைச் சந்திப்புக்கு வைத்திருக்கிற தோல் ஷூவைச் சனிக்கிழமை போடாதீர்கள். கேன்வாஸ் ஷூவும், மேலே வலைத்துணி போட்ட ஓட்டப்பயிற்சி ஷூவும் முதல் அரைமணியில் நனைந்துவிடும். கணுக்கால் வரை உள்ள, நீர்புகாத நடைக்காலணி ஒன்று வாங்கி, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். புதிதாக வாங்கி அங்கே போய்ப் போட்டால் கொப்புளம் நிச்சயம். அடிப்பகுதி வழுக்காத ரப்பராக இருக்க வேண்டும். நவம்பரில் வாய்க்கால் ஓரக் கற்பாதைகள் முழுக்க உதிர்ந்த இலைகள் நனைந்து கிடக்கும். பல இடங்களில் தண்ணீர் ஓரத்தில் கைப்பிடிச் சுவரோ கம்பியோ கிடையாது. முதுகுப்பையில் ஒரு ஜோடி உலர்ந்த கம்பளிக் காலுறையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் சென்ட்ரால் ரயில் நிலையத்திலேயே இருக்கும் ஹேமா கடையில் காலுறையும் குடையும் மலிவாகக் கிடைக்கும்.

பணம் பற்றி. யூபிஐ அங்கே கடைகளில் எடுபடும் என்று எண்ண வேண்டாம். நிறைய கடைகளும் உணவகங்களும் அட்டை மட்டுமே வாங்குகின்றன, ரொக்கத்தை வாங்குவதே இல்லை. விசா அல்லது மாஸ்டர்கார்டு இரண்டு, வெவ்வேறு வங்கியுடையது, வெவ்வேறு பையில். ஒன்று ஃபாரெக்ஸ் அட்டையாக, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அட்டையாக, இருக்கலாம். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும், அட்டையைத் தட்டிக் கட்டணம் செலுத்தும் கான்டாக்ட்லெஸ் வசதியைத் தனியாகத் திறக்க வேண்டும். ஊரிலேயே இதைச் செய்துவிடுங்கள். அங்கே போனபின் ஓடிபி வரவில்லை என்று நிற்பவர்கள் நிறையப் பேர். அட்டை இயந்திரம் “ரூபாயில் கட்டணுமா, யூரோவிலா” என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். அவசரத்துக்கு ஐம்பது, நூறு யூரோ ரொக்கம் போதும். நெதர்லாந்தில் பதினான்கு வயது நிரம்பிய எவரும் போலீஸ் கேட்டால் அசல் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும், நகல் செல்லாது. ஆகவே பாஸ்போர்ட் உங்கள் மேல்தான் இருக்கணும், ஜிப் உறைக்குள், கோட்டின் உள்பையில். நகலையும் விசா பக்கத்தின் படத்தையும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுப் பொருள் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பால்பவுடர் எல்லாம் அதில் வரும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, முறுக்கு, கடலை மிட்டாய் போன்றவை பிரச்சினை இல்லாமல் போகும். பையருக்கு இனிப்பு கொண்டுபோவதாக இருந்தால் நெய்யில் செய்ததைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது உடம்பின் கடிகாரம். நவம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை எட்டரை மணி என்றால் உங்கள் வயிற்றுக்கு மதியம் ஒரு மணி. அங்கே மாலை ஆறு என்றால் உங்கள் கண்ணுக்கு இரவு பத்தரை. கவனமும் கால்வலுவும் வேண்டிய வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்வதற்கு இதுதான் காரணம். மதியத்துக்கு மேல் உட்கார்ந்து பார்ப்பவை, மாலை ஐந்தரைக்கு மேல் ஒன்றுமே வேண்டாம். எந்தப் பட்டியலையும்விட இந்த வரிசைதான் முக்கியம். வெளிச்சமும் இதற்குத் தோதாகவே இருக்கிறது, ஏனென்றால் நவம்பர் நடுவில் சூரியன் எட்டு மணியை ஒட்டி உதித்து நாலே முக்காலை ஒட்டி மறைந்துவிடும். விமானத்தில் எவ்வளவு தூங்கினீர்கள் என்பதைப் பொறுத்துச் சோர்வு ஆளுக்கு ஆள் மாறும், அதை நான் இங்கிருந்து அளந்து சொல்ல முடியாது. ஆனால் மதியம் கட்டிலில் சாய்ந்தால் இரவு எட்டு மணிக்கு எழுந்து விடியவிடிய விழித்திருப்பீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் நேர மாற்றத்தில் எப்படிச் சாப்பிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கியதும் குடியேற்றச் சோதனை. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வெளி எல்லையில்) விரல் ரேகையும் முகப் படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. முதல் தடவை நுழைபவருக்கு அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். வரிசை அன்றைக்கு அரைமணியா, ஒன்றரை மணியா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் காலை பத்து மணிக்கு முன்னால் எந்த டிக்கெட்டும் போடாதீர்கள். விடுதிப் பதிவு, திரும்பும் டிக்கெட், பையரின் அழைப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடு ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று நினைத்து, சார்ஜ் இறங்கி நிற்க வேண்டாம்.

ரயில் நிலையம் விமான நிலையக் கட்டடத்தின் அடியிலேயே இருக்கிறது. சென்ட்ராலுக்கு அடிக்கடி வண்டி உண்டு, கால் மணி நேரத்தை ஒட்டிப் பயணம். டிக்கெட் இயந்திரத்தில் தடுமாற வேண்டியதில்லை. ரயில், டிராம், மெட்ரோ எல்லாவற்றிலும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையையே தட்டிப் போகலாம். ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. இறங்கும்போது தட்ட மறந்தால் உண்மையான கட்டணத்தைவிடக் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு, இறங்கும்போது அதே அட்டை ஏற்றியிருக்கிற போனைத் தட்டுவது. கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு. நாள் முழுக்க ஒரே பொருளையே தட்டுங்கள். இப்படித் தட்டிப் போவது இரண்டாம் வகுப்புக்குத்தான், பெட்டிக் கதவருகே ‘1’ என்று போட்டிருந்தால் அது முதல் வகுப்பு, ஏறாதீர்கள். டிராமில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள். ஒரு டிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இறங்கித் தட்டி, ஏறித் தட்ட வேண்டும்.

விடுதிகளில் அறை பொதுவாக மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், ஆனால் பெட்டியை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடுதி தூரமென்றால் சென்ட்ராலில் அட்டையால் கட்டணம் செலுத்தும் பெட்டகங்கள் இருக்கின்றன. சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு நனைந்த கற்பாதையில் ஊர் பார்க்கப் போகாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகை மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி உண்டு. முன்பே செலுத்தியதில் அது சேரவில்லை என்றால் வரவேற்பு மேசையில் கேட்பார்கள், ஏமாற்று அல்ல.

முதல் இடம் ரைக்ஸ்மியூசியம், நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம். காலை 9 முதல் மாலை 5 வரை, எல்லா நாளும். சென்ட்ரால் எதிரில் 2ஆம் எண் டிராம் ஏறினால் வாசலருகே இறக்கிவிடும். டிக்கெட்டை இங்கிருந்தே இணையத்தில், பத்தரை அல்லது பதினொன்று மணிக்கு எடுத்து வையுங்கள். 25 யூரோவை ஒட்டி இருக்கும், பயணத்துக்கு முன் விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த கோட்டையும் குடையையும் பையையும் கொடுத்து வைக்க உள்ளே இடம் உண்டு. கை வீசிக்கொண்டு சூடான இடத்தில் இரண்டரை மணி நேரம் இருக்கலாம், கோட்டும் கொஞ்சம் காயும். இரண்டாம் தளத்தின் பெருங்கூடத்தில் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த ‘இராக் காவல்’ ஓவியம் இருக்கிறது. 2019 முதல் அதைப் பார்வையாளர் முன்னிலையிலேயே ஆராய்ந்து பராமரித்து வருகிறார்கள். வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணும் அதே கூடத்தில்தான். எல்லாரும் அங்கே கூடுவார்கள். நீங்கள் கட்டாயம் போக வேண்டியது தோட்டப் பக்கம் தனியாக இருக்கிற ஆசியக் கூடம். அங்கே நம் தமிழ்நாட்டு நடராசர் இருக்கிறார், 12ஆம் நூற்றாண்டை ஒட்டிய வெண்கலம், ஒன்றரை மீட்டர் உயரம், கெட்டியாக வார்த்தது. கூட்டமில்லாத சிறு அறையில், எந்தத் திரையும் மாலையும் இல்லாமல், பின்புறம் வரை சுற்றி வந்து பார்க்கலாம். விரிசடையின் ஒவ்வொரு புரியையும் இவ்வளவு அருகில் பார்க்கிற வாய்ப்பு நம் ஊர்க் கோயில்களிலேயே எளிதில் கிடைக்காது. துணித் தொழிலில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் சோழமண்டலக் கரைத் துணிக்காகவே பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தது. அந்த வியாபாரத்தில் வந்த செல்வமும் சேர்ந்துதான் வாய்க்கால் ஓரத்து மாளிகைகளாக நிற்கிறது. ஆகவே அந்த ஊரை அந்நியமாக நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை.

மற்ற அருங்காட்சியகங்களைப் பற்றி நிச்சயமானதை மட்டும் சொல்கிறேன். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஆறு வாரத்துக்குப் பிறகுள்ள தேதிகளை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இணையத்தில் விடுவார்கள், வேகமாகத் தீர்ந்துவிடும். உங்கள் தேதிக்கு இந்நேரம் தீர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வான் கோ அருங்காட்சியகத்துக்கும் இணையத்தில் நேரம் குறித்த டிக்கெட்தான். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு பெரிய அருங்காட்சியகம் என்பது களைத்த உடம்புக்குத் தாங்காது.

சாப்பாடு. ரைக்ஸ்மியூசியத்துக்குள் போகும் முன் பத்து மணிக்கே நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், அது உங்கள் மதியச் சாப்பாட்டு நேரம். நீங்கள் சைவம் என்று எழுதியிருப்பதால் இதைக் கவனியுங்கள். பச்சைப் பட்டாணி சூப் என்று குளிர்காலத்தில் எங்கும் எழுதி வைத்திருப்பார்கள், அது பன்றி இறைச்சி சேர்த்துக் காய்ச்சுவது. ‘குரோக்கெட்’ என்ற வறுவலுக்குள் மாட்டிறைச்சிக் கூழ் இருக்கும், பக்கத்திலேயே இருக்கும் ‘காஸ்சுஃப்ளே’ சீஸ் வைத்தது, அதைச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கு வறுவல் மேல் ஊற்றுகிற மயோனைசில் முட்டை உண்டு. சூடாகவும் காரமாகவும் வேண்டுமென்றால் சுரிநாம் (தென் அமெரிக்காவில் முன்பு டச்சு ஆட்சியில் இருந்த நாடு) ரொட்டிக் கடைகளைத் தேடுங்கள். 1873 முதல் இந்தியாவிலிருந்து சுரிநாமுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சத்தார் நெதர்லாந்தில் குடியேறி நடத்துபவை அவை. ரொட்டியோடு உருளைக்கிழங்கும் நீளப் பயற்றங்காயும் சைவமாகவே கேட்டால் தருவார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இன்னொன்று: ‘காபி ஷாப்’ என்று பலகை இருந்தால் அங்கே விற்பது கஞ்சா. காபிக்கு ‘கஃபே’ என்று இருக்கும் இடத்துக்குப் போங்கள், ‘காபி ஷாப்’ கடைகளின் கேக்கையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, ஒன்றரை மணியளவில் நடை. மழை ரேடாரைப் பார்த்து, விட்டிருக்கும் நேரத்தில் கிளம்புங்கள். ரைக்ஸ்மியூசியத்தின் எதிரே தண்ணீரைத் தாண்டினால் ஸ்பீகல்கிராக்ட் என்ற வாய்க்கால் ஓரத் தெரு. அதிலேயே நேராகப் போனால் பிரின்சன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், ஹேரன்கிராக்ட் என்று மூன்று வாய்க்கால்களும் வரிசையாக வரும். 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய இந்த வளைய வாய்க்கால்கள் 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் வழி தவறுவது இங்கேதான். முனையிலுள்ள பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். வீடுகளின் உச்சியில் ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கொக்கி. படிக்கட்டு குறுகல் என்பதால் சரக்கைக் கயிறு கட்டி மேல் தளத்துக்கு ஏற்றியதற்கான ஏற்பாடு அது, இப்போதும் வீடு மாற்றும்போது பயன்படுகிறது. ஹேரன்கிராக்டில் இடப்பக்கம் திரும்பினால் கோனிங்ஸ்பிளைன். அங்கே தொடங்குகிற பூச்சந்தையில் கண்ணாடிக் கூரை உண்டு, ஒரு தூறலை அங்கே ஒதுங்கிக் கழிக்கலாம். டியூலிப் கிழங்கை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், தாவரச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. டியூலிப் தோட்டம் எங்கே என்று பலர் கேட்பார்கள், அது மார்ச் பிற்பாதி முதல் மே நடுவரை மட்டும். பிறகு ஸ்பூய் சதுக்கத்தருகே பெகெய்ன்ஹோஃப் என்ற பழைய முற்றம், அங்கே 16ஆம் நூற்றாண்டின் மர வீடு ஒன்று நிற்கிறது. மக்கள் குடியிருக்கும் இடம் என்பதால் மெல்லப் பேசுங்கள். அதன் பின் டாம் சதுக்கம். பலத்த மழை பிடித்தால் அங்கே பைன்கோர்ஃப் பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்துவிடலாம். அதைத் தாண்டி டாம்ராக் தெருவிலிருந்து நியூவன்டைக்குப் போகும் பியூர்ஸ்பாசாஜ் என்ற மூடிய சந்தின் கூரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு வேலைப்பாடு, பார்க்கத் தகுந்தது. மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான். நடுவில் முடியவில்லை என்றால் எங்கிருந்தும் டிராம் கிடைக்கும்.

இந்த நடையில் உண்மையான ஆபத்து சைக்கிள்தான். சிவப்பு நிறத் தார்ப்பாதை அவர்களுடையது, அதில் நின்று படம் எடுக்காதீர்கள். சத்தமில்லாமல் வேகமாக வருவார்கள், மழையில் அவர்களுக்கும் பிரேக் சரியாகப் பிடிக்காது, தலையைக் குனிந்து ஓட்டுவார்கள். வண்டிகள் வலப்பக்கம் போகிற நாடு என்பதால் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம்தான் திரும்பும். தலைமூடி போட்டிருந்தால் பக்கவாட்டுப் பார்வை மறையும், அதனால் உடம்பையே திருப்பிப் பாருங்கள். டிராமிலிருந்து இறங்கியவுடன் சைக்கிள் பாதையில் கால் வைக்க நேரும் இடங்கள் உண்டு. நனைந்த டிராம் தண்டவாளத்தை மிதிக்காமல் தாண்டுங்கள். முதல் நாள் வாடகைச் சைக்கிள் எடுப்பது வேண்டவே வேண்டாம், மழையோ வெயிலோ.

மூன்று மணிக்கு விடுதி பக்கமிருந்தால் அறை எடுத்து, காலுறையை மாற்றி, முகம் கழுவிக் கிளம்பிவிடுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். மூன்றாவது, நான்கு மணிக்கு சென்ட்ரால் எதிரிலிருந்து கிளம்பும் மூடிய படகுச் சவாரி, ஒரு மணி நேரம், சூடான உட்புறம். வெளிச்சத்தில் தொடங்கி, பாலத்து விளக்குகள் எரிகிற நேரத்தில் முடியும். கண்ணாடி மூச்சில் பனி பிடிக்கும் என்பதால் திறக்கக்கூடிய ஜன்னலருகே இடம் கேளுங்கள், துடைக்க ஒரு துணி வைத்திருங்கள். செலவே வேண்டாம் என்றால் நிலையத்தின் பின்புறம் போங்கள். ஐ நீர்ப்பரப்பைக் கடந்து பைக்ஸ்லோட்டர்வெக் துறைக்குப் போகும் படகு முற்றிலும் இலவசம், இரவும் பகலும் ஓடும், ஐந்து நிமிடப் பயணம். அக்கரையில் ஐ திரைப்பட அருங்காட்சியகத்தின் சிற்றுண்டியகத்தில் ஒரு சூடான சாக்லேட் வாங்கிக்கொண்டு, மழையை உள்ளிருந்தே பார்க்கலாம். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் இலவசப் படகு என்பேன், களைத்துவிட்டால் உடனே திரும்பிவிடலாம். நிலையத்துக்குக் கிழக்கே நடந்துபோகும் தூரத்தில் ஊரின் பொது நூலகமும் இருக்கிறது, 2007இல் திறந்தது. உள்ளே போகக் கட்டணமில்லை, மேல்மாடி உணவகத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரியும்.

அம்மாவின் பயத்துக்குப் பதில். பெண் தனியாக நடமாட ஆம்ஸ்டர்டாம் பெரிய அளவில் அச்சப்பட வேண்டிய ஊர் அல்ல என்பது போய்வந்த பெண்கள் என்னிடம் சொல்வதை வைத்து நான் வந்திருக்கும் முடிவு. ஜேப்படி உண்டு, அது நிச்சயம். சென்ட்ரால், டாம் சதுக்கம், கூட்டமான டிராம் ஆகிய இடங்களில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண உடையில் வந்து “போலீஸ், பர்ஸைக் காட்டு” என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், பக்கத்துக் கடைக்குள் போய் 112க்கு அழையுங்கள். பழைய தேவாலயத்தைச் சுற்றியுள்ள டி வாலன் பகுதியில் பாலியல் தொழில் சட்டப்படி நடக்கிறது. ஜன்னலில் இருக்கும் பெண்களைப் படமெடுக்கவே கூடாது. சனிக்கிழமை இரவு குடித்த கூட்டம் அங்கே அதிகம், இருட்டியபின் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்கு மூன்று நேரம் குறித்து வையுங்கள்: இறங்கியதும், மதியம் ஒன்றரைக்கு, அறைக்குத் திரும்பியதும். அங்கே ஒன்றரை என்றால் இங்கே ஆறு, அம்மா விளக்கேற்றும் நேரம், நினைவு வைத்துக்கொள்வது எளிது. குளிரில் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், நனைந்த விரலைத் திரை ஏற்காது. பவர் பேங்கும், இணையமில்லாமல் பார்க்கக்கூடிய வரைபடமும், தாளில் எழுதிய விடுதி முகவரியும் கட்டாயம்.

ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு, எட்டரை வரை எப்படியாவது விழித்திருந்து படுங்கள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வரும், அது இயல்பு, பயப்பட வேண்டாம். படுப்பதற்கு முன் ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி வையுங்கள். ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். கோட்டைக் குளியலறையில் விரித்துத் தொங்கவிடுங்கள், மடித்து வைத்தால் காலையில் வாடை வரும். நம் மூன்று கம்பி பிளக் அங்கே ஏறாது, வட்ட இரட்டைக் கம்பி அடாப்டர் ஒன்று கையிலிருந்தால் அன்றிரவே போனையும் பவர் பேங்கையும் ஏற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வான் கோ டிக்கெட் கிடைத்ததா, விடுதி எந்தப் பகுதியில் என்று எழுதினால், அங்கிருந்து திங்கட்கிழமை சந்திப்பு இடத்துக்குப் போகும் வழியையும் பார்த்துச் சொல்கிறேன்.